அமெரிக்க ஃபெடரல் சிவில் வழக்கில் கூடுதல் அவகாசமும் கூடுதல் பக்கங்களும் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களில் கெடு என்பது காகிதத்தில் ஓடுவது. நம் ஊர் நீதிமன்றத்தில் வழக்கு கூப்பிடும்போது எழுந்து நின்று வாய்தா கேட்பதுபோல இங்கே கேட்க முடியாது. பெரும்பாலான கெடுக்களுக்கு விசாரணை நாளே இருக்காது. எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் கெடு தீர்வதற்கு முன்பே. இந்த வழிகாட்டி, வக்கீல் இல்லாமல் தாமே வழக்கு நடத்துபவர்களுக்கும் சிறிய சட்ட அலுவலகங்களில் கோப்பு பார்ப்பவர்களுக்கும் உரியது. மனுவை ஆங்கிலத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்கிறோம்.

முதல் வேலை: இந்தக் கெடு நீளக்கூடியதுதானா?

மனு எழுத உட்காரும் முன் இதைப் பார்க்காதவர்கள்தான் வழக்கையே இழக்கிறார்கள். ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 6(பி)(1), நீதிபதிக்குக் கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் தருகிறது. அடுத்த வரியான 6(பி)(2) சில கெடுக்களை அந்த அதிகாரத்துக்கு வெளியே வைக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு புது விசாரணை கேட்கும் மனு, தீர்ப்பைத் திருத்தக் கேட்கும் விதி 59(இ) மனு, ஜூரியின் முடிவை மீறித் தீர்ப்பு கேட்கும் விதி 50(பி) மனு, நீதிபதியின் கண்டறிதல்களைத் திருத்தக் கேட்கும் 52(பி) மனு ஆகியவை தீர்ப்பு பதிவான 28 நாளுக்குள் வந்தாக வேண்டும். இறுதித் தீர்ப்பிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விதி 60(பி)-யின் கெடுவும் நீளாது.

59(இ)-யில் ஒரு இரட்டைப் பொறி உண்டு. 28 நாளுக்குள் அந்த மனுவைப் போட்டால் மேல்முறையீட்டுக் கடிகாரம் நின்று காத்திருக்கும். நீதிபதி தவறுதலாக இரண்டு வாரம் கூட்டிக் கொடுத்து, நீங்கள் 40-வது நாளில் போட்டால் கடிகாரம் நின்றிருக்காது. 30-வது நாளிலேயே மேல்முறையீட்டு உரிமை போயிருக்கும். (அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள்.)

நீதிபதியின் உத்தரவு கையில் இருந்தும் வழக்கு போனதற்குச் சான்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல். மேல்முறையீட்டு அறிவிப்புக்கு மீண்டும் திறக்கப்படும் அவகாசம் சட்டப்படி 14 நாள். மாவட்ட நீதிபதி 17 நாள் என்று எழுதிவிட்டார். நீதிபதி குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்பைத் தாக்கல் செய்தும், 14 நாளைத் தாண்டியதால் மேல்முறையீடு செல்லாது என்று 5-4 என முடிவானது. ஆகவே உத்தரவில் உள்ள தேதியோடு நிற்காமல், மூல விதியையும் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வழக்கு தொடுப்பதற்கான காலவரம்புச் சட்டத்தையும் விதி 6(பி) தொடாது. வேலைப் பாகுபாட்டுப் புகாரில் ‘வழக்குத் தொடுக்கலாம்’ என்ற கடிதம் கிடைத்த பிறகு வரும் 90 நாள் அப்படிப்பட்டது.

நீளக்கூடியவை ஏராளம்: வழக்குக்குப் பதிலுரை, எதிர்த்தரப்பு மனுவுக்கு எதிர்ப்புரை, அதற்கான மறுபதில், மாஜிஸ்திரேட் நீதிபதியின் பரிந்துரைக்கு 14 நாளில் தர வேண்டிய ஆட்சேபம், சம்மன் சார்வு செய்யும் (முறைப்படி எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கும்) 90 நாள், டிஸ்கவரி (விசாரணைக்கு முன் தரப்புகள் ஒருவரிடம் ஒருவர் சான்று கேட்டுப் பெறும் கட்டம்) கெடுக்கள். இனி பேசுவதெல்லாம் இவற்றைப் பற்றித்தான்.

நாளைச் சரியாக எண்ணுங்கள்

நிகழ்வு நடந்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாள் ஒன்று. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாள் மட்டும் சனி, ஞாயிறு அல்லது சட்ட விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். எதிர்த்தரப்பு 2025 ஜூன் 5 வியாழன் அன்று மின்தாக்கலில் மனு போட்டது, உங்களுக்கு 14 நாள் என்று வையுங்கள். 14-வது நாள் ஜூன் 19, ஜூன்டீன்த் விடுமுறை. ஆகவே கெடு ஜூன் 20 வெள்ளி.

தபாலில் சார்வு செய்தால் 3 நாள் கூடும். மின்தாக்கலுக்கு அந்த 3 நாள் 2016 டிசம்பர் 1 முதல் கிடையாது. பழைய வழிகாட்டிகளைப் படித்து இதில் ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, வக்கீல் இல்லாதவர்களை நேராகப் பாதிப்பது. நள்ளிரவு வரை என்பது மின்தாக்கலுக்கு மட்டுமே, அதுவும் அந்த நீதிமன்றத்தின் நேர மண்டலத்தில். காகிதத்தில் தாக்கல் செய்பவருக்குக் கிளார்க் அலுவலகம் மூடும் நேரமே கெடு. வக்கீல் இல்லாதவர் மின்தாக்கல் செய்ய நீதிமன்ற உத்தரவோ உள்ளூர் விதியின் அனுமதியோ வேண்டும். வழக்கின் முதல் வாரத்திலேயே அந்த அனுமதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீதிபதி வரை போகாமலே கிடைக்கும் அவகாசம்

பிரதிவாதிக்கு மிகச் சுலபமான வழி, முறைப்படியான சம்மன் சார்வு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க (வேவர்) ஒப்புக்கொள்வது. முறைப்படி சார்வு ஆனால் பதிலுரைக்கு 21 நாள்தான். வாதி அனுப்பிய வேவர் படிவத்தில் கையெழுத்திட்டால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள். பிரதிவாதி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் 90 நாள். ஒரு மனுவும் தேவையில்லை.

அடுத்தது இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம், அதாவது ஸ்டிபுலேஷன். இங்கே ஒவ்வொரு மாவட்டமும் ஒரு விதம். சான் ஃபிரான்சிஸ்கோவை உள்ளடக்கிய வடக்கு கலிஃபோர்னியாவில், நீதிமன்ற உத்தரவால் குறித்த எந்தத் தேதியும் மாறாதவரை, பதிலுரைக் கெடுவைத் தரப்புகளே எழுத்தில் நீட்டிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் மத்திய கலிஃபோர்னியாவில் நீதிபதி ஒப்புதல் இல்லாமல் 30 நாள் வரை. சாக்ரமெண்டோவின் கிழக்கு கலிஃபோர்னியாவில் முதல் ஒப்பந்தத்துக்கு 28 நாள் வரை. வேறு பல மாவட்டங்களில் இரு தரப்பும் சம்மதித்தாலும் நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம். எதிர்த்தரப்பு வக்கீல் மின்னஞ்சலில் ‘சரி’ என்று சொன்னதை நம்பிக் கெடுவைக் கடந்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ‘பதிலுரை தர’ என்று மட்டும் எழுதாமல் ‘ஆன்ஸர் ஆர் அதர்வைஸ் ரெஸ்பாண்ட்’ (பதிலுரை அல்லது வேறு வகைப் பதில்) என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் விதி 12(பி) கீழ் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவுக்கும் அவகாசம் நீண்டதா இல்லையா என்று பிறகு சண்டை வரும்.

டிஸ்கவரி கேள்விகளுக்கு விதி 29 இடம் தருகிறது. டிஸ்கவரி முடியும் தேதி, மனு விசாரணைத் தேதி, விசாரணை நாள் ஆகியவற்றில் இடிக்காதவரை தரப்புகளே 30 நாள் பதில் கெடுவை நீட்டிக்கலாம். ஆனால் எழுத்தில் வாங்குங்கள். விதி 36 கீழ் வரும் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ கேள்விகளுக்கு 30 நாளில் பதில் போகாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும். தொலைபேசியில் கிடைத்த வாய்மொழிச் சம்மதத்தை வைத்து அதை மீட்பது பெரும்பாடு.

எதிர்த்தரப்பைக் கேட்பது

பெரும்பாலான நீதிமன்றங்கள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. கட்டாயம் இல்லாத இடத்திலும் கேளுங்கள். ‘எதிர்ப்பில்லாத மனு’ என்ற தலைப்பு உள்ள காகிதம் பெரும்பாலும் ஒரே நாளில் கையெழுத்தாகிவிடும். எதிர்ப்பு உண்டு என்றால் அவர்களின் பதிலுக்காக நீதிபதி காத்திருக்கலாம், அதற்குள் உங்கள் கெடு போய்விடலாம்.

மின்னஞ்சல் நாலு வரி போதும்: எந்த ஆவணம், இப்போதைய கெடு, கேட்கும் புதுத் தேதி, ஒரு வரியில் காரணம். பதிலுக்கு இரண்டு வேலை நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் ‘இன்ன தேதியில் மின்னஞ்சல் அனுப்பி, இன்ன தேதியில் தொலைபேசியிலும் கூப்பிட்டும் பதில் இல்லை’ என்று மனுவில் எழுதலாம். மாலை நாலரைக்கு அனுப்பிவிட்டு ஐந்து மணிக்கு ‘பதில் இல்லை’ என்று எழுதுவதை எந்த நீதிபதியும் கலந்து பேசியதாக ஏற்கமாட்டார்.

கேட்கப்படும் இடத்தில் நீங்கள் இருந்தால் முதல் அவகாசத்துக்குச் சம்மதித்துவிடுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் பலர் குடியேற்ற விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது என்று மாண்டமஸ் வழக்கு (அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் வழக்கு) போடுகிறார்கள். அரசுக்குப் பதிலுரைக்கு ஏற்கெனவே 60 நாள் உண்டு, யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்குச் சார்வு ஆன நாளிலிருந்து. அதற்கு மேலும் 30 நாள் அரசு வக்கீல் கேட்டால் கோபம் வருவது இயல்பே. ஆனால் எதிர்த்தாலும் நீதிபதி பெரும்பாலும் கொடுத்துவிடுவார். அதற்குப் பதில் சம்மதத்துக்கு விலை கேளுங்கள்: நேர்காணல் தேதி எப்போது, கோப்பு எந்த நிலையில் உள்ளது என்று இத்தனாம் தேதிக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று.

மனுவில் இருக்க வேண்டியவை

இரண்டு மூன்று பக்கம் போதும். விதி 7(பி) எழுத்தில், காரணத்தைக் குறிப்பாகச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்கிறது. நியூயார்க் தெற்கு மாவட்டத்தில் பல நீதிபதிகள் முழு மனுவுக்குப் பதில் லெட்டர் மோஷன் என்ற கடித வடிவில் கேட்கச் சொல்வார்கள், அதுவும் கெடுவுக்கு இரண்டு வேலை நாள் முன்பே. உள்ளூர் விதிகளோடு அந்த நீதிபதியின் தனி நடைமுறைப் பக்கத்தையும் நீதிமன்ற இணையதளத்தில் படியுங்கள். இரண்டும் மோதினால் உங்கள் கோப்பைக் கையில் வைத்திருப்பவர் நீதிபதி என்பதை மறவாதீர்கள்.

எந்த மாவட்டமானாலும் இந்தத் தகவல்கள் இருக்கட்டும்:

- எந்த ஆவணத்துக்கு, எந்த விதிப்படி அல்லது எந்த உத்தரவுப்படி கெடு வந்தது, இப்போதைய தேதி
- கேட்கும் தேதி, நாட்காட்டித் தேதியாக. ‘30 நாள்’ என்று மட்டும் எழுதினால் எங்கிருந்து எண்ணுவது என்ற குழப்பம் வரும்
- இதற்குமுன் எத்தனை முறை கேட்டீர்கள், கிடைத்ததா
- எதிர்த்தரப்பின் நிலை, என்று கேட்கப்பட்டது
- காரணம்
- வழக்கின் மற்றத் தேதிகளில் எது நகரும், எது நகராது

உதாரணத்துக்கு ஒன்று: ‘பிரதிவாதிக்கு 2025 மே 6 அன்று சம்மன் சார்வு ஆனது. விதி 12(ஏ)-படி பதிலுரைக் கெடு மே 27. ஜூன் 26 வரை 30 நாள் நீட்டிக்கக் கேட்கிறோம். இது முதல் வேண்டுகோள். புகாரில் எட்டு ஆண்டுக் கணக்குப் பரிவர்த்தனைகள் உள்ளன, அந்த ஆவணங்கள் முன்னாள் கணக்காளரிடம் இருக்கின்றன, மே 15 அன்று கேட்டிருக்கிறோம், ஜூன் 6-க்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாதியின் வக்கீல் மே 19 அன்று மின்னஞ்சலில் சம்மதித்தார். கால அட்டவணை உத்தரவு இன்னும் வராததால் வேறு எந்தத் தேதியும் மாறாது.’ இதற்கு மேல் நீதிபதிக்கு ஒன்றும் தேவையில்லை.

மருத்துவம், ஆவணம் கிடைக்காமை போன்ற உண்மைச் செய்திகளை உறுதிமொழி அறிக்கையாக இணையுங்கள். நோட்டரி தேவையில்லை. அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 28-ம் தலைப்பு 1746-வது பிரிவின்படி, பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு இது உண்மை என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டால் போதும். நாட்டுக்கு வெளியே இருந்து கையெழுத்திடுபவர், அமெரிக்கச் சட்டங்களின்படி என்ற சொற்களையும் சேர்க்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் சாட்சியின் அறிக்கையில் அடிக்கடி விடுபடுவது இதுதான்.

நீதிபதி கையெழுத்திட வேண்டிய உத்தரவின் வரைவையும் சேருங்கள். காகிதத்தில் சார்வு செய்தால் சார்வுச் சான்றும் வேண்டும். மின்தாக்கலில் ‘மோஷன் ஃபார் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம்’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். வேறு வகையில் போட்டால் நீதிபதியின் பட்டியலில் அவசர மனுவாகத் தெரியாமல் போகும்.

காரணம்: எது நிற்கும், எது விழும்

‘வேலைப்பளு’ என்ற ஒற்றைச் சொல் விழும். ‘ஜூன் 9 முதல் 18 வரை வேறொரு வழக்கில் ஜூரி விசாரணை’ நிற்கும். ‘உடல்நலக் குறைவு’ தள்ளாடும். ‘ஜூன் 3 அறுவைச் சிகிச்சை, மூன்று வார ஓய்வு என மருத்துவர் கடிதம்’ நிற்கும். தேதியும், நீங்கள் இதுவரை செய்த முயற்சியும் இருந்தால் காரணம் தானே வலுப்பெறும்.

கால அட்டவணை உத்தரவு வந்த பிறகு தரம் மேலே ஏறுகிறது. அந்தத் தேதிகளை மாற்ற விதி 16(பி)(4)-படி தக்க காரணமும் நீதிபதியின் சம்மதமும் வேண்டும். ஒன்பதாவது சர்க்யூட் (கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம்) 1992-ல் ஜான்சன் எதிர் மாமத் ரிக்ரியேஷன்ஸ் வழக்கில் சொன்னபடி இங்கே மையம் முனைப்பு: கேட்பவர் முனைப்பாக இருந்தாரா? இல்லையென்றால் எதிர்த்தரப்புக்குப் பாதகமே இல்லாவிட்டாலும் கேள்வி அத்தோடு முடிந்தது. ஆகவே எந்தத் தேதியில் டிஸ்கவரி கேள்வி அனுப்பினீர்கள், எப்போது பதில் வந்தது, எப்போது நினைவூட்டினீர்கள் என்ற வரிசையை எழுதுங்கள்.

எதிர்த்தரப்பு சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு (முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு கேட்கும் மனு) போட்டிருக்கிறது, பதில் சொல்லத் தேவையான சான்று இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் சாதாரண அவகாச மனு தவறான கருவி. விதி 56(டி) கீழ், எந்தச் சான்று, எங்கே இருக்கிறது, அது வந்தால் என்ன நிரூபிக்கும் என்று உறுதிமொழி அறிக்கையோடு கேட்க வேண்டும்.

எவ்வளவு கேட்பது? உண்மையில் தேவையானதை ஒரே முறை கேளுங்கள். 7 நாள், 7 நாள், 7 நாள் என்று மூன்று முறை வருபவரைவிட 21 நாள் ஒரு முறை கேட்பவரை நீதிபதி நம்புவார்.

கெடு தாண்டிவிட்டால்

இப்போது ‘தக்க காரணம்’ மட்டும் போதாது. ‘மன்னிக்கத்தக்க கவனக்குறைவு’ என்று காட்ட வேண்டும், அதுவும் முறையான மனுவாக. உச்ச நீதிமன்றம் 1993-ல் பயனியர் வழக்கில் நான்கு அளவுகோல் வைத்தது: எதிர்த்தரப்புக்குப் பாதகம், தாமதத்தின் நீளமும் வழக்கில் அதன் விளைவும், காரணம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பது, நல்லெண்ணம். அந்த வழக்கில் 20 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது, கெடு அறிவிப்பே தெளிவற்ற இடத்தில் ஒளிந்திருந்ததால். ஆனால் தன் அலுவலகத்தில் ஏற்பட்ட குழப்பம் என்று வக்கீல் சொன்ன காரணத்துக்கு நீதிமன்றம் மிகக் குறைந்த மதிப்பே கொடுத்தது. இதை நினைவில் வையுங்கள்.

தாண்டியது தெரிந்த அன்றே செயல்படுங்கள். தாமதமான ஆவணத்தையும் முடித்து மனுவோடு இணைத்துவிட்டால், ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற கேள்வியே எழாது. நான்கு அளவுகோலுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதுங்கள். பதிலுரை தராததால் கிளார்க் டிஃபால்ட் (பதில் தரத் தவறியவர் என்ற பதிவு) பதிந்துவிட்டால் வழி வேறு: விதி 55(சி) கீழ் அதை நீக்கக் கேட்க வேண்டும்.

மனு போட்டாயிற்று, உத்தரவு வரவில்லை

மனு போட்டதாலேயே கடிகாரம் நிற்காது. உங்கள் உள்ளூர் விதி வேறு மாதிரி சொன்னால் ஒழிய, உத்தரவு வரும்வரை பழைய கெடுவே கெடு. அதனால்தான் ஒரு வாரம் முன்பே கேட்கச் சொல்கிறோம். கெடு நாளன்று கேட்பதைத் தாங்கள் விரும்புவதில்லை என்று கிழக்கு கலிஃபோர்னியா தன் விதியிலேயே எழுதிவைத்திருக்கிறது. கடைசி நாள் மதியம் வரை ஒன்றும் வரவில்லையா? நீதிபதியின் நீதிமன்ற அலுவலரான கோர்ட்ரூம் டெபுட்டியைத் தொலைபேசியில் அழைத்து மனு நிலுவையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், வாதம் பேசாதீர்கள். கையில் இருப்பதைத் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. அரைகுறையான எதிர்ப்புரையைப் பின்னால் திருத்த அனுமதி கேட்கலாம், இல்லாத எதிர்ப்புரையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கூடுதல் பக்கங்கள்

நேரம் கேட்பதைவிட இது கடினம். நேரத்தைக் கொடுப்பதால் நீதிபதிக்குச் செலவில்லை. பக்கத்தைப் படிக்க வேண்டியவர் அவர்.

மாவட்ட நீதிமன்ற பிரீஃபுக்கு, அதாவது எழுத்து வாதத்துக்கு, நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு இல்லை. வடக்கு கலிஃபோர்னியாவில் மனுவுக்கும் எதிர்ப்புரைக்கும் 25 பக்கம், மறுபதிலுக்கு 15. மத்திய கலிஃபோர்னியாவில் 7,000 சொல். சிகாகோவின் வடக்கு இல்லினாயில் 15 பக்கம். தாண்ட அனுமதி கிடைத்தால் பொருளடக்கமும் வழக்குகளின் பட்டியலும் சேர்க்க வேண்டும். வாஷிங்டன் டி.சி.யில் 45 பக்கம், மறுபதிலுக்கு 25. டாலஸின் வடக்கு டெக்சாஸில் சாதாரண பிரீஃபுக்கு 25 பக்கம். அதை மீற ‘அசாதாரணமான, வலுவான காரணம்’ கேட்கிறார்கள். இவை அவ்வப்போது மாறும், தனி நீதிபதிகள் குறைப்பதும் உண்டு. தாக்கல் செய்யும் வாரத்தில் மறுபடி பாருங்கள்.

கேட்கும் முன் வெட்டிப் பாருங்கள். முதல் வரைவில் உள்ள வழக்கு வரலாறு பெரும்பாலும் நீதிபதிக்குத் தெரிந்ததே. சட்டத் தரநிலை பற்றிய இரண்டு பக்கம் ஒரு பத்தியாகச் சுருங்கும். ஒரே கருத்துக்கு ஆறு தீர்ப்புகள் வேண்டாம், அந்தச் சர்க்யூட்டின் ஒன்று போதும். நிகழ்வு வரிசையை உறுதிமொழி அறிக்கைக்கு நகர்த்தலாம். ஆனால் வாதத்தை அங்கே ஒளிக்கக் கூடாது. அடிக்குறிப்பில் எழுத்தைச் சிறிதாக்குவது, வரி இடைவெளியைக் குறைப்பது, வேறு பிரீஃபை ‘இங்கே சேர்த்துக்கொள்கிறோம்’ என்பது எல்லாம் பிடிபடும். வரம்பைத் தாண்டிய பக்கங்களைப் படிக்காமல் விடவும், பிரீஃபையே நீக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நீதிபதி படிக்காமல் விடும் கடைசிப் பக்கங்களில் உங்கள் வலுவான வாதம் இருக்கலாம்.

அப்படியும் இடம் போதவில்லை என்றால், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: ‘25-க்குப் பதில் 32’. வழக்கு ‘சிக்கலானது’ என்பது காரணமாகாது. ‘புகாரில் பதினொரு உரிமைக் கோரிக்கைகள், மூன்று மாநிலங்களின் சட்டம், ஒவ்வொன்றுக்கும் தனிக் காலவரம்புக் கேள்வி’ என்பது காரணம்.

மிக நன்றாக எடுபடும் வேண்டுகோள், மொத்தத்தைக் குறைப்பது. மூன்று பிரதிவாதிகள் தலா 25 பக்கத்தில் தனித்தனி மனு போட்டிருக்கிறார்கள். நீங்கள் தனித்தனியாக 75 பக்கம் எழுத உரிமை உண்டு. ‘அதற்குப் பதில் ஒரே எதிர்ப்புரையாக 40 பக்கம்’ என்று கேட்டால் நீதிபதிக்கு 35 பக்கம் மிச்சம். இதை மறுப்பவர் அரிது. கூடவே எதிர்த்தரப்புக்கும் அதே அளவு கூடுதல் பக்கம் தரச் சம்மதம் என்று எழுதுங்கள், அவர்கள் எதிர்க்க மாட்டார்கள்.

எப்போது கேட்பது என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பு. சியாட்டிலின் மேற்கு வாஷிங்டனில் பிரீஃப் கெடுவுக்கு மூன்று நாளாவது முன்பே மனு வர வேண்டும். வடக்கு கலிஃபோர்னியாவில் இது நிர்வாக மனு, ஐந்து பக்கத்துக்கு மிகாமல். நீளமான பிரீஃபை மனுவோடு இணைப்பதா, அனுமதி வந்த பிறகு போடுவதா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். எப்படியானாலும் வரம்புக்குள் அடங்கும் பிரதியொன்றைத் தயாராக வைத்திருங்கள். கடைசி நாள் மாலை ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தால் இரவில் ஏழு பக்கம் வெட்டுவது பிரீஃபைக் கொல்லும்.

சொல் வரம்பு உள்ள இடத்தில், கணினி காட்டும் எண்ணிக்கையில் அடிக்குறிப்புகளும் சேர்ந்துள்ளனவா என்று பாருங்கள். தலைப்புப் பகுதி, பொருளடக்கம், கையெழுத்துப் பகுதி பெரும்பாலும் கழியும். எண்ணிக்கைச் சான்று கேட்டால் அதில் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள் என்பதால் தோராயம் கூடாது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கணக்கு வேறு. முதன்மை பிரீஃபுக்கு 30 பக்கம் அல்லது 13,000 சொல், மறுபதிலுக்கு அதில் பாதி. ஒன்பதாவது சர்க்யூட் முதன்மை பிரீஃபுக்கு 14,000 சொல் தருகிறது. அங்கே பிரீஃப் கெடுவுக்கு 30 நாள் நீட்டிப்பை எளிமையான படிவத்திலும் வாங்கலாம். மேல்முறையீட்டு அறிவிப்புக் கெடுவை மட்டும் மேல் நீதிமன்றம் நீட்டிக்க முடியாது. அதை மாவட்ட நீதிமன்றத்தில், கெடு முடிந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும்.

உத்தரவு வந்ததும்

டாக்கெட்டில் (வழக்கின் பதிவேட்டில்) ‘கிராண்டட்’ (அனுமதிக்கப்பட்டது) என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். நீதிபதி நீங்கள் கேட்ட 30 நாளை 14 ஆக்கியிருக்கலாம், 10 பக்கத்தை 5 ஆக்கியிருக்கலாம், ‘இனி நீட்டிப்பு இல்லை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எதிர்ப்புரையின் தேதி நகர்ந்தால் மறுபதில் தேதியும் விசாரணைத் தேதியும் தானாக நகரும் என்று எண்ண வேண்டாம். உத்தரவு அவற்றைச் சொல்லவில்லை என்றால் அவை பழைய இடத்திலேயே இருக்கின்றன. புதுத் தேதியை நாட்காட்டியில் போட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு நினைவூட்டலும் போடுங்கள். இரண்டாம் முறை கேட்க நேர்ந்தால் அந்த நாளில்தான் எதிர்த்தரப்புக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.